சிறார்க்குச் சொல்லும் தொடரும் நிறுத்தமும் கற்பித்த வரலாறு

ஒரு நூலின் பொருளை உள்ளவாறு உணர்தற்கு மூன்று வேண்டப்படும். சொற்களின் பொருளை அறிதல் ஒன்று. அச்சொற்கள் தம்முள் இயைந்து தொடராகும் முறையை அறிதல் ஒன்று. ஓதுங்கால் எவ்விடத்து நிறுத்துதல் வேண்டும், எவ்விடத்து நிறுத்தலாகாது என்பதை அறிதல் ஒன்று. இம்மூன்றும் இளமையிலேயே கைவரப்பெறாதார் பின்னர் எத்துணை முயன்று சாத்திரங்களைப் பயிலினும், எழுத்தை ஓதுவாராவரேயன்றிப் பொருளை ஓதுவாராகார். ஆதலின் தொடக்கக் கல்வியிற் சிறார்க்கு இவை எவ்வாறு கற்பிக்கப்பட்டன என்னும் ஆராய்ச்சி, பள்ளியாசிரியர்க்கேயன்றி நம்மனோர்க்கும் உரியதேயாம். திண்ணைப்பள்ளிக் காலந் தொடங்கி, யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் (1822 - 1879) சிறார்க்கு நூல்கள் இயற்றிய காலம்வரை இம்முறை அடைந்த மாற்றத்தை ஈண்டு ஆராய்வாம்.

முற்காலத்துத் தொடக்கக் கல்வி பரவியிருந்தது என்பதற்குச் சான்று உண்டு. சென்னை மாகாணத் தலைவராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டிற் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கப் பணித்தனர். 1826-ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணம் முழுதும் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். இத்தொகை தெலுங்கு, கன்னடம், மலையாளம் வழங்கும் பகுதிகளையும் உள்ளிட்டது. ஆயினும், அரசினர் பள்ளி அமைக்கத் தொடங்குமுன்னரே ஊர்தோறும் மக்கள் தம் செலவில் ஆசிரியரைப் போற்றிப் பிள்ளைகளைப் படிப்பித்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

அப்பள்ளிகளிற் கற்பித்தமுறை யாதோவெனின், பிள்ளை முதற்கண் மணலில் விரலால் எழுத்தின் வடிவை எழுதும். எழுதும்பொழுதே வாயால் அதன் ஒலியைச் சொல்லும். கையும் வாயும் செவியும் ஒருங்கே தொழிற்படுதலின் எழுத்து விரைவில் மனத்திற் பதியும். பின்னர் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். அரிச்சுவடியும் எண்சுவடியும் முடிந்தபின், ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி முதலிய நீதிநூல்கள் நெட்டுருச் செய்விக்கப்படும். முற்படக் கற்ற சட்டாம்பிள்ளை பிற்பட வந்தார்க்குச் சொல்லிக்கொடுப்பான். இம்முறை இகழத்தக்கதன்று. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் 1796 வரை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் எழுதுதலைக் கண்டு, அதனையும் மாணவரே மாணவர்க்குக் கற்பித்தலையும் தம் விடுதியிற் கைக்கொண்டனர். 1797-ஆம் ஆண்டில் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டனர். அது 'மதராஸ் முறை' என்னும் பெயரால் இங்கிலாந்துப் பள்ளிகளிற் பரவிற்று.

இனி, சொற்பொருள் கற்பித்தற்குக் கருவியாக இருந்தவை நிகண்டுகள். அவற்றுள் மாணாக்கர் பெரிதும் பயின்றது மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு. அது விருத்தப்பாவால் இயன்று பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் எனப் பொருள்வகையாற் சொற்கள் வகுக்கப்பட்டிருத்தலின், ஒரு பொருளுக்குரிய பல பெயர்களும் ஓரிடத்தே வந்து நிற்கும். பதினோராவதாகிய ஒருசொற் பல்பொருட்டொகுதியோ எதுகை முறையால் அமைந்தது. பாட்டாக இருத்தலின் மனத்திற் பதியும். பதிந்தது முதுமையினும் நீங்காது. அகராதியைப் புரட்டாமலே சொற்பொருள் சொல்லவல்ல புலவர் பலர் நம் நாட்டில் இருந்தமைக்குக் காரணம் இந்நெட்டுருவேயாம்.

ஆயினும் இம்முறையில் ஒரு குறை உண்டு. நிகண்டு சொல்லையும் பொருளையும் தரும். அச்சொல் தொடரில் நிற்கும் நிலையைத் தாராது. 'பசு' என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். சிறுவன் அறிந்தது பால் தரும் ஆவினையே. சித்தாந்த நூலில் அச்சொல் பாசத்தாற் கட்டுண்ட ஆன்மாவை உணர்த்தும். 'மலம்' என்னுஞ் சொல்லும் அன்னதே. ஒரு சொற்குப் பல பொருள் உண்டென்று மனனஞ் செய்தவன், எவ்விடத்து எப்பொருள் கொள்ளுதல் வேண்டுமென்பதைத் தொடரை நோக்கியே துணிதல் வேண்டும். தொடரறிவு இல்லாதவிடத்துச் சொல்லறிவு பெருகுந்தோறும் மயக்கமும் உடன்பெருகும். பண்டைப் பள்ளியில் இக்குறையை நிரப்பினவர் ஆசிரியர். பாடலை ஓதுவித்துப் பதம் பிரித்து, இடம்நோக்கிப் பொருளுரைப்பது அவர் கடனாயிற்று. அவர் வல்லவராயின் மாணவன் உய்ந்தான். வல்லரல்லராயின் நெட்டுருவொன்றே எஞ்சிற்று.

இலக்கணக் கல்வியின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பவணந்தி முனிவர் அருளிய நன்னூற் சூத்திரங்களை முதற்கண் பாராமல் ஒப்பிப்பித்துப் பின்னரே உரை கேட்பிப்பர். எழுத்து, சொல் என்னும் இரண்டு அதிகாரங்களே அந்நூலில் உள. தொடர்களின் இயல்பு சொல்லதிகாரத்துப் பொதுவியலில் அடக்கி உரைக்கப்பட்டது. யாற்றுநீர் முதல் அடிமறிமாற்று ஈறாகப் பொருள்கோள் எட்டென்று அந்நூல் வகுத்தமையால், சொற்களை எவ்வாறு கூட்டிப் பொருள்கொள்ளல் வேண்டும் என்னும் ஆராய்ச்சி நம் முன்னோர்க்கு நன்கு தெரிந்ததே என்க. ஆனால் அவ்வளவிற்குச் செல்வோர் சிலர். நீதிநூலும் கணக்கும் கற்றவளவில் ஏர்த்தொழிலுக்கும் வாணிகத்திற்கும் சென்றார் பலர்க்கு இலக்கணம் கேள்வியளவாகவும் வாய்த்திலது.

மூன்றாவதாகிய நிறுத்தத்தைப் பற்றி இனிக் கூறுவாம். ஓலைச்சுவடியிற் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்யெழுத்திற்குப் புள்ளியிடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. எகர ஒகரங்களின் குறிலுக்குப் புள்ளியிடுதல் தொல்காப்பியனார் விதித்ததாயினும், ஏட்டில் அது விடப்பட்டமையால் எரி என்பதும் ஏரி என்பதும், கொடு என்பதும் கோடு என்பதும் ஒருவடிவாகவே தோன்றும். வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் நெடிலுக்கு வேறு குறி வகுத்த பின்னரே இம்மயக்கம் படிப்படியாக நீங்கிற்று. காற்புள்ளி முதலிய குறிகளோ ஏட்டில் அறவே இல்லை. அங்ஙனமாயின் பொருள் மயங்காதோ எனின், மயங்கும்; அம்மயக்கத்தைத் தீர்த்தது ஆசிரியரது குரல்.

இதனைத் தொல்காப்பியனாரே உணர்ந்து கூறியுள்ளார். எழுத்தளவில் ஒரு தன்மையவாய்ப் பொருளால் வேறுபடும் புணர்ச்சிகள் ஓசையால் வேறுபடும் என்றும், அவை சொல்லுவான் குறிப்பைப் பற்றியன ஆதலின் இன்னவென எழுத்தாற் காட்டப்படா என்றும் புணரியலின் இறுதியில் அவர் விதித்தனர். இதற்கு வழிவழியாகக் காட்டப்படும் உதாரணங்கள் இரண்டு யாவரும் அறிந்தனவே. செம்பொன்பதின்றொடி என்பதைச் செம்பொன் பதின்றொடி என நிறுத்தின் பொன்னாம்; செம்பு ஒன்பதின்றொடி என நிறுத்திற் செம்பாம். குன்றேறாமா என்பது குன்று ஏறு ஆமா எனவும், குன்று ஏறா மா எனவும் இருவகையாற் பிரியும். முன்னதில் விலங்கு குன்றின்மேல் ஏறும், பின்னதில் ஏறாது. எழுத்து ஒன்றே, நிறுத்தம் வேறு, பொருளோ முற்றும் மறுதலை. ஆகவே நிறுத்தம் என்பது அலங்காரமன்று, பொருளின் உறுப்பேயாம் என்னுங் கொள்கை பிறநாட்டாரிடத்திருந்து நாம் பெற்றதன்று. பிறரிடம் பெற்றது அதனை எழுதிக்காட்டும் குறி மாத்திரமே.

ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே இருந்து ஓதிய காலத்தில் அக்குறி வேண்டப்படவில்லை. அச்சு வந்தபின் நிலை வேறாயிற்று. இந்தியர் அச்சியந்திரம் வைத்தற்கு இருந்த தடை 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிய பின்னர், தமிழ்நூல்கள் மிகுதியாக அச்சேறின. அச்சுப் புத்தகம் ஆசிரியரில்லாத வீட்டிற்கும் செல்லும். அங்கே பதம் பிரித்துக் காட்டும் குரல் இல்லை. குரல் செய்த வேலையைத் தாளே செய்தல் வேண்டும். இத்தேவையை நன்குணர்ந்து செயற்பட்டவருள் தலைசிறந்தவர் நாவலரவர்கள்.

அவர்கள் இளமையில் நிகண்டும் நன்னூலும் மரபுவழியிற் கற்றவர்கள். யாழ்ப்பாணத்திற் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் நடத்திய வெஸ்லியன் பாடசாலையில் ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார்கள். பாதிரியார் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபொழுது உடனிருந்து உதவினார்கள். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைப் பிரித்து, அவ்வவ் வகுப்பிற்கேற்ற அச்சுப் புத்தகம் கொடுத்துக் கற்பிக்கும் முறையின் ஆற்றலை அங்கே நேரிற் கண்டார்கள். அம்முறை பிறர் சமயத்தைப் பரப்புதற்கு ஏற்பட்டதாயினும், முறையளவில் நன்றே என்று தேர்ந்தமை அவர்களது அறிவுடைமை. 1848-ஆம் ஆண்டில் அவ்வேலையை விடுத்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். 1849-இற் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்தார்கள். 1864-இற் சிதம்பரத்திலும் அப்பெயரால் வித்தியாசாலை அமைந்தது.

அவ்வித்தியாசாலைகளுக்கென எழுந்தவையே பாலபாடங்கள். முதற்பாலபாடம் எழுத்திலிருந்து சொல்லிற்கும், சொல்லிலிருந்து சிறு வாக்கியத்திற்கும் படிப்படியாக ஏறும். நான்காம் பாலபாடத்திற் கடவுள், அருள், கொலை, களவு, செய்ந்நன்றியறிதல், கல்வி முதலிய பொருள்கள்பற்றி நெடிய வசனங்கள் உள. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று. நிகண்டிற் சொல் பாட்டினுள் வரிசைப்பட்டு நிற்கும். பாலபாடத்திற் சொல் வாக்கியத்தினுள் தொழில் செய்து நிற்கும். ஒரு சொல்லை அது வழங்கும் இடத்திலேயே சிறுவன் சந்திக்கின்றான். மறுபடி வேறோர் இடத்திற் சந்திக்கின்றான். பொருள் தானே விளங்குகின்றது. எனினும் நாவலரவர்கள் நிகண்டைத் தள்ளினாரல்லர். சூடாமணி நிகண்டை உரையுடன் 1849-இல் தாமே பதிப்பித்தார்கள். வாக்கியத்தாற் சொல்லறிவைத் தொடங்கி, நிகண்டால் அதனை விரித்தல் என்னும் அடைவே அவர்கள் செயலாற் புலனாகின்றது.

இலக்கணத்திலும் அவர்கள் செய்த வகுப்பு ஆழ்ந்து சிந்தித்தற்குரியது. நன்னூலுக்குச் சங்கரநமச்சிவாயர் செய்து, திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவரால் திருத்தப்பெற்ற விருத்தியுரையை 1851-இற் பதிப்பித்தவர்கள், சிறார்பொருட்டு இலக்கண வினாவிடையையும் இலக்கணச் சுருக்கத்தையும் வசனத்தில் எழுதினார்கள். இலக்கணச் சுருக்கம் நன்னூலையே பின்பற்றிற்றாயினும், எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் என்னும் இரண்டோடு நில்லாது, தொடர்மொழியதிகாரம் என மூன்றாவதொன்றையும் உடையது. நன்னூலார் பொதுவியலில் அடக்கியவற்றைப் பிரித்தெடுத்துத் தனியதிகாரமாக்கியது ஏன்? வசனம் எழுதவும் வாசிக்கவும் வேண்டிய மாணவனுக்குத் தொடரறிவே உயிர் எனக் கண்டமையாலன்றோ! பகுதிதோறும் தேர்வு வினாக்களும் அமைந்துள்ளன. சூத்திரத்தை ஒப்பித்தலோடு நில்லாது, கேட்ட வினாவிற்குத் தன் வாக்கியத்தால் விடைகூறும்படி மாணவன் பழக்கப்படுகின்றான். சித்தாந்த மாபாடியம் அருளிய சிவஞான முனிவர் திருக்கை நன்னூலுரையையும் திருத்திற்று; அவ்வுரையைப் பதிப்பித்த கையே சிறுபிள்ளைகளுக்கு முதற்பாலபாடமும் எழுதிற்று. சாத்திரத்தின் உச்சிக்கும் அரிச்சுவடிக்கும் இடையே நம் பெரியோர் மதில் எழுப்பவில்லை என்பதை இது காட்டும்.

நிறுத்தக் குறிகளைத் தமிழ் வசனத்தில் ஒழுங்குபெற வழங்கிய முன்னோடி என அறிஞர் நாவலரவர்களைப் போற்றுவர். பாதிரிமார் அச்சிட்ட நூல்களில் அவை முன்னரே புகுந்திருந்தன. ஆனால் தமிழிலக்கணம் வல்ல ஒருவர், தொடரின் இயல்பறிந்து அவற்றை இடமறிந்து வைத்ததனாற்றான் அவை தமிழுக்கு உரியனவாயின. 1852-ஆம் ஆண்டில் வெளிவந்த பெரியபுராண வசனத்தின் முகவுரையில், கல்வி கற்கும் சிறுவரும் வாசித்தறியும்பொருட்டுப் பெரும்பாலும் எளிய சொற்களால், பெரும்பாலும் சந்திவிகாரமின்றி அந்நூலை இயற்றியதாக அவர்கள் தெரிவிக்கின்றார்கள். புணர்ச்சியிலக்கணத்தில் அவர்களை விஞ்சினார் அக்காலத்து அரியர். அத்தகையோர் சந்தியைத் தளர்த்தியது அறியாமையாலன்று. படிப்போன்மீது வைத்த கருணையால் என்க. சொற்களைப் பிரித்து அச்சிடுதலும், நிறுத்தக் குறியிடுதலும், சந்தியைத் தளர்த்தலும் ஒரே நோக்கத்தின் மூன்று கூறுகள்.

அந்நியக் குறிகள் செந்தமிழுக்கு எதற்கு எனக் கடாவுவார் உளராயின், அவர்க்கு விடை தமிழிலக்கணத்திலேயே உண்டு. எண்ணும்மை விரிந்து நிற்கும் தொடரில், மாவும் பலாவும் வாழையும் எனச் சொல்லே எண்ணிக் காட்டுதலின் குறி வேண்டா. செவ்வெண்ணில் உம்மை இல்லை. ஆண்டுக் காற்புள்ளி வேண்டும். எ, யா, ஆ, ஓ, ஏ என்னும் வினாவெழுத்துக்கள் வினாவைத் தாமே உணர்த்துமாதலின் வினாக்குறி தமிழில் துணையளவினதே. முற்றுவினை வாக்கியத்தின் முடிவைக் காட்டுமாயினும், செய்யும் என்னும் வாய்பாடு முற்றாகவும் எச்சமாகவும் வரும். 'குயில் கூவும் சோலை பொலியும்' என்புழி, கூவும் என்பதன்பின் முற்றுப்புள்ளி இடின் வாக்கியம் இரண்டு. இடாவழி ஒன்று, பொலிவதும் குயில் கூவுகின்ற சோலையே. 'ஆசிரியர் நேற்று வந்தேன் என்றார்' என்பதனுள், பிறர் கூற்றின் முடிவை என்று என்னும் சொல் காட்டுகின்றது. தொடக்கத்தைக் காட்டுஞ் சொல் இல்லை. நேற்று என்பது வந்ததற்கு உரியதோ, சொன்னதற்கு உரியதோ என்னும் ஐயத்தை மேற்கோட்குறியே தீர்க்கும். ஆகவே எங்கே இலக்கணம் தானே பேசுகின்றதோ அங்கே குறி மிகை. எங்கே அது வாய் வாளாதிருக்கின்றதோ அங்கே குறி இன்றியமையாதது. இவ்வேறுபாட்டைச் சிறுவர்க்கு உணர்த்துங்கால் இலக்கணமும் குறியும் ஒருங்கே விளங்கும்.

அக்குறிகட்கு வழங்கும் பெயர்களும் நம் சிறார் அறிந்தனவே. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்பனவற்றுட் கால், அரை, முக்கால் என்பன எண்சுவடியில் ஓதிய அளவுகள். எழுத்திற்கு மாத்திரை கூறியது போல, நிறுத்தத்திற்கும் அளவு கூறியவாறாயிற்று. குரலின் தாமதத்தை அளந்து தாளில் வைத்ததே புள்ளி என்பதை இப்பெயர்கள் நினைவூட்டுகின்றன.

எனினும், பெற்றதனோடு இழந்ததும் ஒன்று உண்டு. புள்ளியை நம்பிக் கண்ணாற் படிக்கும் பழக்கம் மிக்கவிடத்துச் செவியறிவு குன்றும். குறியில்லாத பழம்பாடலைக் கண்டவழி அத்தகையான் திகைப்பான். நெட்டுருச் செய்தவனிடத்துப் பொருளறிவு பின்னர் வந்தேனும் நிரம்பும். நெட்டுருவும் இல்லாதவனிடத்து வந்து பொருந்துதற்குப் பொருளுக்கு இடமே இல்லை. நாவலரவர்கள் இரண்டனையும் போற்றினார்கள். அச்சிற் புள்ளி வைத்த அவர்களே 1847-ஆம் ஆண்டின் இறுதிநாளில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கந் தொடங்கிக் குரலால் பொருளுணர்த்தியவர்கள். ஒன்று மற்றொன்றிற்கு மாற்றன்று, துணையேயாம்.

ஆதலின் சிறார்க்குத் தமிழ் கற்பிப்போர் கொள்ளத்தக்க அடைவு இவ்வரலாற்றால் தெளிவாகின்றது. முதலிற் செவிக்கு ஓசை. பின்னர் வாக்கியத்தினுள் சொல். பின்னர் அவ்வாக்கியத்தைப் பிரித்துக் காட்டும் இலக்கணம். ஈற்றில், இலக்கணம் காட்டாததைக் காட்டும் குறி. இவ்வடைவை மாற்றிக் குறியின் பெயரையும் இலக்கணத்தின் பெயரையும் முதலில் உருப்போடுவித்தல், திண்ணைப்பள்ளியின் குறையை மாத்திரம் எடுத்துக்கொண்டு அதன் குணத்தை விடுத்தலாகும். ஒரு சிறு பரீட்சை போதும். குறியில்லாத இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, உரக்க வாசிக்கச்செய்து, வாசித்தவாறே புள்ளியிடுக என்று பணிக்க. குரல் சரியாக நிற்குமாயிற் பொருள் விளங்கிற்று என்று அறியலாம். குரல் தடுமாறுமாயின் தடுமாறிய இடமே அன்றைய பாடம்.

இன்று சொல்லையும் தொடரையும் நிறுத்தத்தையும் பிழையறக் கற்கும் பிள்ளையே நாளைச் சிவஞானபோதத்துப் பன்னிரு சூத்திரங்களின்முன் அமர்ந்து, சொல்லைக் கூட்டியும் பிரித்தும் பொருள்காண வல்லவனாவான். அடியிலே வழுவிய பதப்பிரிப்பு முடிவிலே கொள்கை வழுவாய் விளையும். ஆகலின் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியரது பணியைச் சிறிதென்று எண்ணாது, சாத்திரக் கல்வியின் முதற்படியாகவே மதித்துப் போற்றுதல் சைவ நன்மக்கள் கடனாகும்.